கறள் பிடித்த வார்ப்பிரும்பு மேசை: குறி பார்த்துத் திருத்தும் முறை

ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி, இரண்டுக்கும் நடுவில் நாங்கள். மட்டக்களப்பில் பழைய மரவேலை இயந்திரம் வாங்குகிறவர் கறளையும் சேர்த்துத்தான் வாங்குகிறார். மேசை வாள், பிளேனர், துளை போடும் இயந்திரம், எதுவாக இருந்தாலும் சரி, மோட்டரை மாற்றலாம், பெல்ட்டை மாற்றலாம், பெயாரிங்கை மாற்றலாம், ஆனால் பலகையைத் தாங்குகிற மேல்தளமான மேசை போனால் இயந்திரமே போய்விட்டது என்று நினைத்து நல்ல வார்ப்பிரும்பைப் பழைய இரும்புக் கடையில் நிறைக்குப் போட்டுவிடுகிறார்கள். அதைப் பார்க்க எனக்கு மனம் பொறுப்பதில்லை.

நான் இதுவரை வீட்டு முற்றத்தில் வைத்து மூன்று மேசைகளைத் திருத்தியிருக்கிறேன். அதில் பெரியது என் மாமாவுடைய மேசை வாள். அவர் டச்பார் பக்கம் ஓடாவி வேலை செய்தவர். 2004 மார்கழி 26 அன்று கடல் வந்தபோது அந்த இயந்திரம் கொட்டிலோடு சேர்ந்து உப்புத் தண்ணீரில் மூழ்கியது. பிறகு பல வருடம் ஒரு தகரத்துக்குக் கீழே கிடந்தது. நான் கல்லடிக்குக் கொண்டுவந்தபோது மேசையின் முகமே தெரியவில்லை, செம்மண் பூசிய பலகை மாதிரி இருந்தது. இன்றைக்கு அதில்தான் முதிரையும் தேக்கும் அரிகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கிரைண்டரைக் கையில் எடுக்காதீர்கள். கறளை எடுப்பது ஒரு வேலை, மேசையை மட்டமாக்குவது வேறு வேலை. கறளை எடுக்க நல்ல இரும்பைத் தொடவே தேவையில்லை. கோணலாகத் தெரிகிற மேசைகளில் பாதிக்கு மேல் உண்மையில் கோணலே இல்லை, போல்ட்டோ, தரையோ, கறள் மேடோ ஏமாற்றுகிறது. குறைத்த இரும்பைத் திரும்ப ஒட்ட முடியாது. அதனால் மேசை காட்டுகிற அறிகுறியை, கீழே ‘குறி’ என்று எழுதியிருப்பதை, பார்த்து வேலையைத் தொடங்குங்கள்.

எந்த மேசையானாலும் முதலில் வெடிப்புப் பாருங்கள்

தட்டிப் பார்க்கப் பத்து நிமிடம் போதும். மேசையைக் கழற்றி இரண்டு மரக்கட்டையில் வைத்து, சின்ன மரச் சுத்தியலால் பல இடத்தில் தட்டுங்கள். நல்ல வார்ப்பு மணி மாதிரிக் கொஞ்சம் இழுத்து ஒலிக்கும், வெடித்தது ஓட்டைச் சட்டி மாதிரி மந்தமாகக் கேட்கும். சந்தேகமான இடத்தில் மண்ணெண்ணெய் பூசி அரை மணி நேரம் விட்டு, நன்றாகத் துடைத்துவிட்டு, சோக்குத் தூளைத் தூவுங்கள். வெடிப்பு இருந்தால் உள்ளே போன மண்ணெண்ணெய் மெதுவாக வெளியே வந்து வெள்ளைத் தூளில் மெல்லிய ஈரக் கோடு போடும். ஓரத்திலோ கீழுள்ள விலா எலும்பு போன்ற தாங்கிகளிலோ சின்னக் கோடு இருந்தால் மேசை வேலை செய்யும். போல்ட் ஏறும் காலில் இருந்தால் வார்ப்பிரும்பு ஒட்டத் தெரிந்தவரிடம் கொடுங்கள். சாதாரண வெல்டிங் கம்பியால் சூடாக்காமல் ஒட்டினால் பக்கத்திலேயே இன்னொரு வெடிப்பு வரும்.

குறி: கை வைத்தால் செம்மஞ்சள் தூள் ஒட்டுகிறது

இது கறளின் முதல் படி, பயப்பட எதுவும் இல்லை. மண்ணெண்ணெய் ஊற்றி, பாத்திரம் தேய்க்கிற பச்சைப் பஞ்சால் ஒரே திசையில், மேசையின் நீளப் பக்கமாகத் தேய்த்து, பழந்துணியால் துடையுங்கள். வட்டம் வட்டமாகத் தேய்த்தால் பின்னால் மெழுகு பூசும்போது அந்தக் கீறல் எல்லாம் கண்ணில் குத்தும். ஒரு மணித்தியாலத்தில் வேலை முடிந்துவிடும். டபிள்யூடி-40 இருந்தால் அதுவும் நல்லது. ஆனால் அது கறளை இளக்கவும் ஈரத்தை விரட்டவும்தான், பல மாதம் காவல் காக்க அதால் முடியாது.

குறி: கறுப்பும் பழுப்புமாகப் படை படையாக, சுரண்டினாலும் வருவதில்லை

மாமாவின் மேசை இந்த ரகம். முந்தின இரவே மண்ணெண்ணெய் நனைத்த துணியை விரித்து, மேலே பொலித்தீன் போட்டு விட்டுவிடுங்கள். காலையில், கண்ணாடியில் ஒட்டிய ஸ்டிக்கர் சுரண்டுகிற பிளேட்டைப் பிடியில் பொருத்தி, மேசையோடு மேசையாகச் சாய்த்துத் தள்ளுங்கள். செங்குத்தாகப் பிடித்தால் கீறும். சரியான சாய்வில் போனால் கறள் சிறு செதிலாக எழும்பும், அடியில் சாம்பல் நிற இரும்பு தெரியும். முதல் செதில் எழும்பி, அதற்குக் கீழே அந்தக் காலத்து இழைப்புக் கோடுகள் அப்படியே தெரிந்தபோது எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்ல முடியாது. கறள் தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடத்தைப் பிடிக்கும், அதனால் மேலே பார்க்க மலை மாதிரி இருந்தாலும் அடியில் குழி அவ்வளவு ஆழம் இருப்பதில்லை.

பிளேட்டுக்கு மசியாத இடத்துக்கு வினாகிரி. தென்னை வினாகிரியோ கடையில் விற்கிற சாதாரண வினாகிரியோ, துணியை நனைத்துப் போட்டு, காயாமல் பொலித்தீனால் மூடி, இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை தூக்கிப் பாருங்கள். இரவு முழுக்க விடாதீர்கள். அமிலத்துக்குக் கறள் எது, இரும்பு எது என்று தெரியாது. சாம்பல் வார்ப்பிரும்பில் நூற்றுக்கு இரண்டரை முதல் நான்கு வரை காபன் இருக்கிறது, அதில் பெரும்பகுதி பென்சில் கரி போன்ற கிராபைட் செதில். அமிலம் இரும்பைத் தின்றால் அந்தக் கரி மட்டும் மேலே மிஞ்சி, மேசை கறுத்து, துடைக்கத் துடைக்கக் கையில் ஒட்டும். வேலை முடிந்ததும் அப்பச்சோடா கரைத்த தண்ணீரால் கழுவி அமிலத்தைக் கொன்றுவிட வேண்டும். கக்கூஸ் கழுவுகிற அசிட்டை மட்டும் மேசைக்குப் பக்கத்திலும் கொண்டுபோகாதீர்கள். அது கறளை ஒரே நிமிடத்தில் எடுக்கும், ஆனால் அதில் இருப்பது ஐதரோகுளோரிக் அமிலம். கடல் உப்பிலிருந்து வந்த எந்தக் குளோரைட்டை நாம் வெளியே எடுக்கப் பாடுபடுகிறோமோ அதையே அது குழிக்குள் ஊற்றும்.

மேசை முழுக்க இப்படி என்றால் மின்சாரத்தால் கறள் எடுப்பதுதான் நல்ல வழி. அவ்வளவு பெரிய தொட்டிக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். எங்கள் ஊர் முற்றம் மணல்தானே. மேசையைவிட ஒரு சாண் பெரிதாகக் குழி வெட்டி, கல் முள் இல்லாமல் தட்டி, தடித்த பொலித்தீனை இரண்டு மடிப்பாக விரித்தேன், தொட்டி ஆகிவிட்டது. ஐந்து லீற்றர் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி சலவைச் சோடா. கறி உப்புப் போடக் கூடாது. சுற்றிவர நாலு பழைய கம்பித் துண்டுகளையோ இரும்புத் தகட்டையோ நிறுத்தி, ஒன்றோடொன்று கம்பியால் இணைத்து, 12 வோல்ட் பழைய பற்றரி சார்ஜரின் பொசிட்டிவ்வை அவற்றுக்குக் கொடுங்கள். நெகட்டிவ் மேசைக்கு. இது மாறினால் கம்பிக்குப் பதிலாக மேசை கரையும், அதனால் இரண்டு தடவை பாருங்கள். மேசையும் கம்பியும் தொடக் கூடாது. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் துண்டைப் பயன்படுத்த வேண்டாம், அதிலுள்ள குரோமியம் கரைந்து நச்சுத் தண்ணீராகும். குமிழி குமிழியாக வருவது ஐதரசன், தீப்பிடிக்கும், அதனால் வெளியில்தான் செய்ய வேண்டும், பக்கத்தில் சிகரெட்டோ குப்பை எரிப்பதோ கூடாது, சார்ஜரை நிறுத்தாமல் கை விடவும் கூடாது. மின்சாரம் கம்பிக்கு நேரே பார்க்கிற பக்கத்தில்தான் நன்றாக வேலை செய்யும், எனவே ஒரு நாள் விட்டு மேசையைத் திருப்பி வையுங்கள். தூக்க இரண்டு பேர் வேண்டும். தனியாகத் தூக்கி முதுகைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

குறி: கழுவித் துடைத்த பத்து நிமிடத்தில் மஞ்சள் படர்கிறது

சுத்தமான இரும்பு ஈரத்தில் இருந்தால் அப்படித்தான். இது தோல்வி இல்லை, வேகம் போதவில்லை, அவ்வளவுதான். கடைசிக் கழுவலைக் கொதிக்கிற தண்ணீரில் செய்தால் இரும்பு சூடேறித் தானாகவே சீக்கிரம் உலரும். உடனே துடைத்து, வெயிலில் ஐந்து நிமிடம் காயவிட்டு, சூடு ஆறுவதற்குள் மண்ணெண்ணெய் அல்லது மெல்லிய எண்ணெய் பூசுங்கள். ஒருவர் கழுவ மற்றவர் துடைத்துக்கொண்டே வர வேண்டும். எனக்கு என் மகள் துடைத்துத் தந்தாள். ஆனால் குளிர்ந்த வார்ப்பில் ஒரே இடத்தில் கொதிநீரைக் கொட்டாதீர்கள், முதலில் வெதுவெதுப்பாக, பிறகு சூடாக.

முடிந்தால் கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் இந்த வேலையை வைத்துக்கொள்ளுங்கள். ஆனி, ஆடியில் மலையைத் தாண்டி வருகிற அந்த வறண்ட சூட்டுக் காற்று துணியை எப்படி ஒரு நொடியில் உலர்த்துகிறதோ அப்படியே மேசையையும் உலர்த்தும். கார்த்திகை, மார்கழி மழையில் தொடங்கினால் கறளோடு ஓட்டப் பந்தயம்தான்.

குறி: சுத்தம் செய்து எண்ணெயும் பூசியாயிற்று, விடியற்காலையில் பழுப்பு நிறத்தில் முத்து முத்தாகத் துளி நிற்கிறது

கரையோரத்தில் இருக்கிறவர்கள் இந்த ஒன்றையாவது நன்றாக வாசியுங்கள். இரண்டு தடவை மாமாவின் மேசையைப் பளபளவென்று ஆக்கினேன், இரண்டு தடவையும் ஒரு கிழமைக்குள் அதே இடங்களில், ஊசி முனை அளவு குழிகளின் வாயில், கள்ளிப்பால் மாதிரி உருண்டு நின்றது. தொட்டால் வழவழப்பு, காய்ந்தால் மெல்லிய பழுப்பு ஓடு. எண்ணெய் சரியில்லை என்று எண்ணெயை மாற்றினேன். எண்ணெயில் பிழை இல்லை. இரும்பு அழுகிறது. கடல் உப்பின் குளோரைட் குழிக்கு அடியில் இரும்போடு சேர்ந்து உட்கார்ந்திருக்கிறது, அது காற்றிலிருந்தே ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும், உள்ளேயே கறளைப் பிறப்பிக்கும், திரும்பத் தானே விடுபட்டு இன்னும் இரும்பைத் தின்னும். மேலே எதைப் பூசினாலும் அது உள்ளே தன் வேலையைப் பார்த்துக்கொண்டே இருக்கும். உப்பை வெளியே எடுக்காமல் இது நிற்காது.

கடலுக்கு அடியிலிருந்து எடுக்கிற பழைய பீரங்கிகளையும் நங்கூரங்களையும் பாதுகாக்கிறவர்கள் அவற்றைக் காரத் தண்ணீரில் மாதக்கணக்கில், சிலவேளை வருடக்கணக்கில் ஊறவைத்து, மின்சாரமும் கொடுத்துத்தான் குளோரைட்டை எடுக்கிறார்கள். நமக்கு அவ்வளவு தேவையில்லை. அதே மணல் குழி, அதே சலவைச் சோடாத் தண்ணீர், மின்சாரத்தோடு இரண்டு மூன்று நாள், பிறகு தண்ணீரை ஊற்றிவிட்டுப் புதுத் தண்ணீர், திரும்ப இரண்டு நாள். ஒவ்வொரு தண்ணீர் மாற்றலிலும் குழிகளைப் பித்தளைக் கம்பி பிரஷ்ஷால் தேயுங்கள். நான் மூன்று தண்ணீர் மாற்றினேன்.

எந்தத் தண்ணீர் என்பதும் முக்கியம். எங்கள் வீட்டுக் கிணறு கொஞ்சம் உவர், வாயில் வைத்தாலே தெரியும். முதல் இரண்டு தடவையும் நான் அந்தத் தண்ணீரில்தான் கழுவினேன். உப்பை எடுக்கப் போய் உப்பாலேயே கழுவியிருக்கிறேன். மூன்றாவது தடவை உன்னிச்சைக் குளத்திலிருந்து வருகிற குழாய்த் தண்ணீரில் ஊறவைத்து, கடைசிக் கழுவலுக்குப் பீலியில் பிடித்த மழைத் தண்ணீரைக் காய்ச்சி ஊற்றினேன். அதோடு அழுகை நின்றது. நின்றதா என்று பார்க்க, எண்ணெய் பூசாமல் துடைத்து, ஒரு பொலித்தீனால் மூடி, ஓரத்தில் ஈரத் துணி ஒன்றையும் வைத்து ஓர் இரவு விடுங்கள். மேசை முழுக்க ஒரே மாதிரி மெல்லிய மஞ்சள் வந்தால் அது வெறும் ஈரம், துடைத்தால் போகும். புள்ளி புள்ளியாகத் துளி வந்தால் உப்பு இன்னும் உள்ளே இருக்கிறது.

குறி: குழிகளும் கறுத்த தேமல்களும் போகவில்லை

விட்டுவிடுங்கள். பலகை மேட்டில்தான் உட்காரும், குழியில் இல்லை. குழியின் அடிவரை மேசையைத் தேய்த்து இறக்குவது பல்லுக்காகத் தாடையை அறுப்பது மாதிரி. கறுத்த தேமல் இறுகிப்போன இரும்பு ஒக்சைட்டும் கரியும்தான், அது கெடுதல் செய்யாது. அழகுக்காக வேண்டுமென்றால் 320 அரத்தாளால் மண்ணெண்ணெயோடு லேசாகத் தேய்க்கலாம். பலகையின் ஓரம் தட்டுகிற அளவு பெரிய குழி என்றால் எபொக்சி நிரப்பி மட்டமாகச் சுரண்டுங்கள்.

குறி: அடிமட்டம் வைத்தால் கீழே வெளிச்சம் தெரிகிறது

முதல் கேள்வி, அந்த அடிமட்டம் நேரா? மேசன்மார் பூச்சு இழுக்கிற அலுமினியச் சட்டத்தை வைத்து மேசையைக் குறை சொல்லாதீர்கள். நல்ல நேர்விளிம்புக் கோல் கையில் இல்லாவிட்டாலும் ஒரு வழி இருக்கிறது, தங்கூசி. மீன்பிடிக்கிற நைலோன் நூல்தான், 0.30 மில்லிமீற்றர் போதும். அது ஒரு முழம் இரு முழத்துக்குள் இழுத்துக் கட்டினால் தொய்வதே இல்லை என்று சொல்லலாம், ஏனென்றால் அதற்குப் பாரமே கிடையாது.

ஒரே காஸ் வெல்டிங் கம்பியிலிருந்து மூன்று துண்டு வெட்டி, வெட்டு முனையை அராவிச் சுத்தம் செய்யுங்கள். இரண்டு துண்டை மேசையின் இரண்டு ஓரத்தில் டேப்பால் ஒட்டி, அவற்றின் மேலாகத் தங்கூசியை இழுத்து, இரண்டு பக்கமும் கல் கட்டித் தொங்கவிடுங்கள். மூன்றாவது துண்டை நடுவில் நூலுக்குக் கீழே தள்ளுங்கள். நூலை விரலால் சுண்டினால் ரீங்காரம் கேட்கும், கம்பி தொட்ட கணமே அந்த ரீங்காரம் செத்துவிடும். கண்ணைவிடக் காது நுட்பமாகச் சொல்லும் இடம் இது. கம்பி தொடவில்லை என்றால் அங்கே பள்ளம், மோட்டார் சைக்கிள் டப்பட் பார்க்கிற, தடிப்பு குறித்த ஃபீலர் கேஜ் தகட்டைக் கம்பிக்கு அடியில் ஒவ்வொன்றாக வைத்து, ரீங்காரம் சாகிற தடிப்பைக் குறித்துக்கொள்ளுங்கள். கம்பி நூலைத் தூக்குகிறது என்றால் மேடு, அப்போது இரண்டு ஓரக் கம்பிக்கும் அடியில் ஒரே தடிப்பான தகடு வைத்து உயர்த்தி அளக்க வேண்டும். நீளம், அகலம், இரண்டு மூலைவிட்டம், எல்லாவற்றிலும் அளந்து சோக்கால் மேசையிலேயே எழுதுங்கள்.

முறுக்கு இருக்கிறதா என்று பார்க்க இரண்டு மூலைவிட்டத்துக்கும் ஒரே நேரத்தில் நூல் கட்டுங்கள். நடுவில் ஒன்றையொன்று தொட்டும் தொடாமலும் போனால் முறுக்கு இல்லை. ஒரு நூலைக் கீழே விட்டுப் பார்த்தபின் மாற்றி மேலே விட்டும் பாருங்கள், ஒரு முறை இடைவெளியும் மறுமுறை முட்டுவதுமாக இருந்தால் மேசை முறுகியிருக்கிறது. நடுவில் தெரிகிற இடைவெளியின் இரண்டு மடங்குதான் ஒரு மூலை தூக்கியிருக்கும் அளவு.

எவ்வளவு வரை விடலாம்? மேசை வாளுக்கு, மேசை முழுக்க 0.1 அல்லது 0.15 மில்லிமீற்றர், அதாவது எழுதுகிற தாள் ஒன்றின் தடிப்பைக் கொஞ்சம் தாண்டினாலும், நான் தொட மாட்டேன். ஒரு சாண் அகலப் பலகை மாரிக்கும் கோடைக்கும் இடையில் ஒரு மில்லிமீற்றருக்கும் மேல் ஊதிச் சுருங்குகிறது. மரத்துக்கு இல்லாத நேர்த்தியை மேசையிடம் கேட்டு அதன் உயிரைக் குறைக்க வேண்டாம். நடுவில் சின்னப் பள்ளம் பரவாயில்லை, பலகை அதைப் பாலம் மாதிரிக் கடந்துவிடும். நடுவில் மேடுதான் தொல்லை, பலகை அதில் ஏறி ஆடும்.

குறி: முறுக்கு இருக்கிறது, பலகை நாலு மூலையில் ஒன்றில் ஆடுகிறது

நான் அளந்தபோது ஒரு மூலை 0.35 தூக்கியிருந்தது. அரத்தாள் வாங்கப் புறப்பட்டவனை மாமாதான் நிறுத்தினார். சாய்மணைக் கதிரையில் இருந்தபடியே, “மனே, முதல்ல நாலு போல்ட்டையும் தளத்திப் போட்டுப் பார். இரும்பு கொஞ்சம் மூச்சு விடட்டும்” என்றார். “கழற்றிப் பூட்டினதுதானே மாமா” என்றேன். “பூட்டினதுதான் பிழை” என்றார்.

தளர்த்தினேன். மூன்று மூலை காலில் உட்கார்ந்திருந்தது, நாலாவது மூலைக்கும் காலுக்கும் இடையில் 0.4 தகடு இறுக்கமாகப் போனது. அதாவது போல்ட்டை இறுக்க இறுக்க மேசையை நான்தான் முறுக்கியிருக்கிறேன். குளிர்பானத் தகரத்தை வெட்டி (அது ஏறத்தாழ 0.1 மில்லிமீற்றர்) நாலு துண்டு அந்த மூலைக்கு அடியில் வைத்து, போல்ட்டுகளைக் குறுக்கு மறுக்காகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கி, திரும்ப நூல் கட்டினேன். 0.1-க்கும் குறைவு. ஒரு துளி இரும்பும் குறைக்கவில்லை.

இயந்திரத்தின் கால் நிற்கிற சீமெந்துத் தரையையும் பாருங்கள். தகட்டில் மடித்த கால் என்றால் தரையின் கோணல் நேராக மேசைக்கு ஏறும். ஒரு காலுக்கு அடியில் ஆப்பு வைத்தாலே முறுக்கு மாறுவதை நூலில் பார்க்கலாம். போல்ட் இறுகிக் கறளோடு பிடித்திருந்தால் சுத்தியலால் அடிக்காதீர்கள், வார்ப்பிரும்புக்கு வளையத் தெரியாது, உடையத்தான் தெரியும். மண்ணெண்ணெய் விட்டு ஒரு நாள் பொறுத்து, முதலில் இறுக்கும் பக்கம் ஒரு மயிரிழை திருப்பி, அப்புறம் தளர்த்துங்கள்.

பிளேனரில் முன் மேசையும் பின் மேசையும் ஒரே தளத்தில் இல்லாவிட்டாலும் இதே கதைதான். மேசைகளைத் தேய்க்காமல், அவை சாய்ந்து ஏறுகிற தடத்தில் ஒட்டியிருக்கிற கறளையும் பழைய கிரீஸையும் எடுங்கள், பிறகு மேசை தாழ்ந்த பக்கத்துத் தடத்தில் தகரத் துண்டு வையுங்கள். பக்கச் சிறகு தாழ்ந்திருந்தால், சிறகும் நடு மேசையும் சேரும் விளிம்பின் கீழ்ப் பாதியில் தகரம் வைத்தால் சிறகின் வெளி ஓரம் எழும்பும், மேல் பாதியில் வைத்தால் தாழும்.

குறி: தளர்த்தியும் பார்த்தாயிற்று, உண்மையாகவே மேடு இருக்கிறது

இப்போதுதான் இரும்பைத் தொடுகிறோம், அதுவும் மேட்டில் மட்டும்.

பெரிய பலகையில் அரத்தாளை ஒட்டி மேசை முழுக்க முன்னும் பின்னும் இழுப்பதுதான் எல்லோரும் முதலில் நினைக்கிற வழி. அதில் ஒரு கேடு இருக்கிறது. பலகை ஓரத்தைத் தாண்டி வெளியே போகும்போது பாரமெல்லாம் ஓரத்தில் விழும், ஓரம் தேயும், நடு மிஞ்சும். ஆகவே இருக்கிற மேடு இன்னும் பெரிதாகும். கிரைண்டர் அதைவிடக் கேடு. எனக்கு முதல் கிடைத்த சின்ன மேசையை ஒரு பட்டறையில் கொடுத்தேன், அவர்கள் ஃபிளாப் டிஸ்க்கால் பளபளவென்று ஆக்கித் தந்தார்கள். வீட்டில் கோலை வைத்துப் பின்னாலிருந்து டோர்ச் அடித்துப் பார்த்தால் வரிசையாகப் பிறை பிறையாக வெளிச்சம். ஒவ்வொரு பிறையும் டிஸ்க் நின்ற இடம், 0.2 மில்லிமீற்றர் ஆழம். அந்த மேசையைத் திரும்ப எடுக்க எனக்கு இரண்டு மாதம் பிடித்தது.

சரியான வழி நிறம் ஒற்றிப் பார்ப்பது. 12 மில்லிமீற்றர் கண்ணாடித் துண்டு ஒன்று, ஒரு முழம் நீளத்துக்குக் கண்ணாடிக் கடையில் வெட்டு மிச்சமாகக் கேட்டு வாங்குங்கள், விளிம்பைத் தேய்த்துத் தரச் சொல்லுங்கள். உருகிய வெள்ளீயக் குளத்தின் மேல் மிதக்கவிட்டுச் செய்கிற கண்ணாடி இது, பில்கிங்டன் 1959-இல் அறிவித்த முறை, அதனால்தான் அது அவ்வளவு மட்டம். 5, 6 மில்லிமீற்றர்க் கண்ணாடி வேண்டாம், அது மேசையின் வளைவுக்கு ஏற்பத் தானும் வளைந்து பொய் சொல்லும். படம் வரைகிறவர்களின் பிரஷ்யன் நீல எண்ணெய் வர்ணத்தைக் கண்ணாடியில் மிக மெல்லிசாக, ஊடே பார்க்கக்கூடிய அளவுக்குத் தேயுங்கள். அது கிடைக்காவிட்டால் விளக்குக் கரியைத் தையல் மெசின் எண்ணெயில் குழைத்தாலும் சரி. கண்ணாடியை மேசையில் வைத்து இரண்டு அங்குலம் அசைத்துத் தூக்கினால் மேடுகளில் மட்டும் நீலம் ஒட்டியிருக்கும். கண்ணாடி சின்னது என்பதால் பெரிய வளைவை அது காட்டாது, அதற்கு நூல் அளவுதான் சாட்சி. இரண்டையும் மாறி மாறிப் பாருங்கள்.

நீலம் ஒட்டிய இடத்தை மட்டும் சுரண்ட வேண்டும். பழைய தட்டை அரத்தின் நுனியைப் பல் இல்லாமல் கல்லில் தேய்த்து, லேசான வளைவோடு, எண்ணெய்க் கல்லில் கூர் ஏற்றினால் சுரண்டி தயார். தேய்க்கும்போது அடிக்கடி தண்ணீரில் நனையுங்கள், நிறம் மாறினால் கூர் நிற்காது. வார்ப்பிரும்பை எண்ணெய் இல்லாமல் உலர்வாகத்தான் சுரண்ட வேண்டும். தாழ்வாகச் சாய்த்து, இடுப்பிலிருந்து தள்ளி, அரை அங்குலம் போகிற சின்னச் சின்னத் தள்ளல். கறுப்புத் தூள் பறக்கும், வாய்க்கும் மூக்குக்கும் துணி கட்டுங்கள். ஒரு சுற்று இந்தப் பக்கமிருந்து, துடைத்து, நீலம் ஒற்றி, அடுத்த சுற்று குறுக்குப் பக்கமிருந்து. ஒரு சுற்றில் போவது ஒரு மில்லிமீற்றரில் நூறில் ஒரு பங்குக்கும் குறைவு. அதனால் 0.1 மேட்டுக்கு ஒரு நாள் இரண்டு நாள் என்று நினைக்காதீர்கள், மாலை நேரங்களில் ஒரு கிழமை என்று வைத்துக்கொள்ளுங்கள். சுரண்ட விருப்பமில்லாதவர்கள் உள்ளங்கை அளவுத் தடித்த இரும்புத் துண்டில் 120 அரத்தாளை ஒட்டி அந்த நீல இடத்தை மட்டும் தேய்க்கலாம், இன்னும் மெதுவாகப் போகும், ஆனால் மரவேலைக்குப் போதும்.

விட்வேர்த் என்ற ஆங்கிலேயப் பொறியியலாளர் 1840-இல் கிளாஸ்கோவில் வாசித்த கட்டுரையில் இதைத்தான் வற்புறுத்தினார்: தட்டுகளை மண் போட்டு ஒன்றோடொன்று அரைக்காதீர்கள், ஒற்றிப் பார்த்துச் சுரண்டுங்கள். மூன்று தட்டு வேண்டும் என்றும் காட்டினார், ஏனென்றால் இரண்டு மட்டும் இருந்தால் ஒன்று குழிந்தும் மற்றது புடைத்தும் அழகாகப் பொருந்திவிடும். உங்கள் நேர்கோலைச் சோதிக்கவும் இதே கணக்குத்தான். மூன்று கோலை எப்படி மாற்றி மாற்றிச் சேர்த்தாலும் வெளிச்சம் வராவிட்டால் மூன்றும் நேர்.

மேடு 0.3, 0.4 தாண்டினால் வீட்டில் மினக்கெட வேண்டாம். வாகன எஞ்சின் ஹெட் மட்டம் அடிக்கிற பட்டறைகளில் இயந்திரக் கல் இருக்கிறது, மேசை அதில் கொள்ளுமா என்று முதலில் அளவைக் கேளுங்கள். கொடுக்கும்போது ஒன்றை வற்புறுத்திச் சொல்லுங்கள், மேசையை இறுக்கிப் பிடித்து மட்டமாக்கக் கூடாது, அடியில் தகடு கொடுத்துத் தன் இயல்பில் நிற்கவிட்டுத்தான் பிடிக்க வேண்டும். வளைந்ததைக் காந்தத்தால் இழுத்துப் பிடித்து அரைத்தால், அரைக்கும்போது மட்டமாக இருக்கும், விட்டதும் பழைய வளைவுக்கே போய்விடும்.

குறி: எல்லாம் சரி, மாரி தொடங்கியதும் திரும்ப மஞ்சள்

வார்ப்பிரும்பு இரவில் குளிர்ந்துவிடும். காலையில் வாவிப் பக்கமிருந்து வருகிற ஈரக் காற்று அதில் பட்டு வேர்க்கும், கண்ணுக்கே தெரியாத பனி. அதை மேசைக்கு எட்டாமல் தடுப்பது மெழுகு. தேன்மெழுகைக் கொதிதண்ணீர்ப் பாத்திரத்துக்குள் வைத்த கிண்ணத்தில் உருக்கி, அடுப்பை அணைத்துவிட்டு, ஏறத்தாழ அதே அளவு டர்பன்டைன் கலந்து ஆறவிட்டால் பூசுகிற பதம் வரும். வெயிலில் மேசை சூடானதும் பூசி, அரை மணி நேரம் விட்டு, துணியால் அழுத்தித் தேயுங்கள். கடையில் விற்கிற தரை மெழுகும் பரவாயில்லை, நிறமில்லாததாகப் பாருங்கள், சிவப்புத் தரை பொலிஷ் பூசினால் வெள்ளை மரத்தில் கறை ஏறும். சிலிக்கோன் சேர்ந்த கார் பொலிஷ் வேண்டாம், அது பலகைக்கு ஏறி, பிறகு வார்னிஷ் பிடிக்காமல் கண் கண்ணாக விலகும். தேங்காய் எண்ணெயும் கூடாது, சில கிழமையில் பிசுபிசுத்து மரத்தூளைப் பிடித்து வைத்துக்கொள்ளும், மரத்தூள் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

வேலை முடிந்ததும் தூளைத் தட்டிவிடுங்கள், பச்சை மரம் அரிந்த நாளில் கட்டாயமாக. மூடுவதற்குப் பொலித்தீன் வேண்டாம், உள்ளே வேர்க்கும். பழைய பருத்திப் போர்வை நல்லது. தேநீர்க் கோப்பையை மேசையில் வைக்கவே கூடாது, வேர்த்த கை பட்ட இடத்தில் விரல் ரேகையே கறளாகப் பதியும், உடனே துடைக்க வேண்டும். அடிப்பக்கத்தை மறந்துவிடாதீர்கள், அங்கே மெழுகு தேவையில்லை, உப்பு எடுத்தபின் ரெட் ஒக்சைட் பெயின்ட் இரண்டு கை அடித்தால் போதும். கோடையில் மாதத்துக்கு ஒரு தடவை மெழுகு, மாரியில் இரண்டு கிழமைக்கு ஒரு தடவை. பூசும் நாள் வந்துவிட்டதா என்று அறிய மேசையில் ஒரு துளி தண்ணீர் விட்டுப் பாருங்கள். உருண்டு நின்றால் மெழுகு இருக்கிறது, பரவினால் அன்றைக்கே பூசுங்கள்.